விருந்தும் விளையாட்டும் விதை நெல்லும்



திருநாள் நெருங்கும்போது மனத்தில் இரண்டு குரல்கள் எழும்புவதை நீங்கள் அறிவீர்கள். "வருடத்தில் ஒரு நாள்தானே, பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடட்டும்" என்பது ஒரு குரல். "காணியும் இல்லை, கையில் காசும் இல்லை, இந்த நிலையில் எங்களுக்குக் கொண்டாட்டம் ஒரு கேடா?" என்பது மற்றக் குரல். இரண்டும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே ஆளின் நெஞ்சில் ஒலிக்கின்றன. இத்துடன் இன்று மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது. திருநாள் அன்று தொலைக்காட்சியில் வரும் விளையாட்டுப் போட்டிதான் அது. அதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களும் உண்டு. அதைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களும் உண்டு.

இவ்விதழின் பாடம் இந்தக் கலப்பான உணர்வைப் பற்றியது. இதற்காகத் தூரத்து நாடொன்றின் திருநாளை எடுத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை கொண்டாடப்படும் 'நன்றி நாள்' அது. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். எமது பொங்கலுக்கும் புதிருக்கும் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதைத் தொடங்கியதாகச் சொல்லப்படுபவர்களும் இடம்பெயர்ந்த மக்களே. ஆகவே அவர்களின் கதை எமக்கு அந்நியமானது அல்ல.

ஒரு வீட்டில் கண்டது

2012ஆம் ஆண்டு நவம்பரில் பணி நிமித்தம் நான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தேன். அங்கு ஒரு குடும்பத்தினர் நன்றி நாள் விருந்துக்கு என்னை அழைத்தார்கள். மேசை நிறைய உணவு. முழு வான்கோழி ஒன்று, உருளைக்கிழங்கு மசியல், சோளம், புளிப்பான ஒரு சிவப்புப் பழத்தின் பாகு, பூசணிக்காயில் செய்த இனிப்பு. பன்னிரண்டு பேருக்குச் சமைத்தது முப்பது பேருக்குப் போதும்.

சாப்பாட்டுக்கு முன்னரே தொலைக்காட்சி ஓடத் தொடங்கிவிட்டது. டெற்றோயிற் லயன்ஸ் அணியின் உதைபந்தாட்டம். எமது ஊர் உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி, ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் ஆட்டம். ஆண்கள் எல்லாரும் அதன் முன் இருந்தார்கள். பெண்கள் குசினியில் நின்றார்கள். அன்று லயன்ஸ் மேலதிக நேரத்தில் 34க்கு 31 என்று தோற்றது. நன்றி நாளில் அது அவர்களுக்குத் தொடர்ச்சியாக ஒன்பதாவது தோல்வி. வீட்டுத் தாத்தா தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஒவ்வொரு வருடமும் இப்படித்தான், என்றாலும் பார்க்காமல் இருக்க முடியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், செப்ரெம்பரில்தான், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். அவர்களுடைய காணிகள் இராணுவத்திடம் இருந்தபடியால் சொந்த ஊருக்குப் பதிலாகச் சீனியாமோட்டையில் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். 'முகாம் மூடப்பட்டது' என்ற செய்தி உலகெங்கும் போனது. 'வீட்டுக்குப் போகவில்லை' என்ற செய்தி போகவில்லை. அந்த மேசையின் முன் இருந்த எனக்கு அந்த மக்களின் நினைவு வந்தது. விருந்து தந்த குடும்பத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் அன்பானவர்கள். அப்படியானால் நான் எதன் மீது மனம் நொந்தேன்? இந்தக் கேள்விதான் அந்தத் திருநாளின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

விதைச் சோளத்தின் கதை

1620ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து 'மேபிளவர்' என்ற கப்பலில் 102 பயணிகள் புறப்பட்டார்கள. அவர்களில் ஒரு பகுதியினர் சமய நெருக்கடி காரணமாக முன்னரே ஒல்லாந்துக்கு ஓடிப்போய், அங்கு பன்னிரண்டு வருடம் வரை அகதிகளாக வாழ்ந்தவர்கள். நவம்பர் மாதம், குளிர்காலத்தின் தொடக்கத்தில், அமெரிக்கக் கரையை அடைந்தார்கள். விதைக்கும் காலம் கடந்துவிட்டது. அடுத்த இளவேனில் வருவதற்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துபோனார்கள்.

கரையில் இறங்கிய நாட்களில் அவர்கள் மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்த சோளத்தைக் கண்டெடுத்தார்கள். அது அங்கு வாழ்ந்த பூர்வீக மக்கள் தங்களுக்கெனச் சேமித்து வைத்தது. அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய், அடுத்த பருவத்தில் விதையாகப் பயன்படுத்தினார்கள். பின்னர், 1621இல், அதற்கு ஈடு கொடுத்தார்கள். எனினும் அவர்களது முதல் விளைச்சலின் விதை இன்னொருவருடைய களஞ்சியத்திலிருந்து கேளாமல் எடுத்தது என்பதை மறக்க வேண்டாம். விதை என்றால் என்ன என்று அறிந்த உங்களுக்கு இதன் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அவர்கள் குடியேறிய பிளிமத் என்ற இடம் வெறும் காடு அல்ல. அது பத்துக்செற் என்ற ஊர். 1616க்கும் 1619க்கும் இடையில் பரவிய கொள்ளைநோயினால் அந்த ஊர் முழுவதும் அழிந்துபோயிருந்தது. அவ்வூரைச் சேர்ந்த திஸ்குவாந்தம் என்பவர் 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல்காரனால் கடத்தப்பட்டு, ஸ்பானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து இங்கிலாந்து சென்று, 1619இல் ஊர் திரும்பினார். திரும்பியபோது ஊரில் ஒருவரும் இல்லை. வயல்கள் இருந்தன, உழுதவர்கள் இல்லை.

அந்த மனிதர்தான் புதிதாக வந்தவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக் கொடுத்தார். மீனைப் பசளையாக மண்ணில் தாழ்த்து விதைக்கும் முறையைக் காட்டினார். தன் சொந்த ஊரின் நிலத்திலேயே, தன் மக்களின் வயலிலேயே, வேறு மக்களுக்கு விதைக்கக் கற்றுக் கொடுத்த அந்த மனிதரின் மனநிலை எப்படி இருந்திருக்கும்! ஊர் திரும்பியும் ஊரைக் காணாதவர்கள் எம்மிடையேயும் உண்டு.

1621 இலையுதிர்காலத்தில் விளைச்சல் கிடைத்தது. குடியேறியவர்களில் உயிரோடிருந்த ஏறக்குறைய ஐம்பது பேரும், வம்பனோவாக் மக்களின் தலைவரான மாசசோயிற்றும், அவரோடு வந்த தொண்ணூறு ஆண்களும் மூன்று நாட்கள் கூடி உண்டார்கள். வம்பனோவாக் மக்கள் ஐந்து மான்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விருந்துக்குச் சென்றவர்களே விருந்துக்குக் கொடுத்தார்கள். அங்கே களியாட்டங்களும் நடந்தன என்று அக்காலத்தவர் ஒருவரின் கடிதம் கூறுகிறது. ஆகவே விருந்தும் விளையாட்டும் ஒன்றாக இருப்பது புதிதல்ல, அன்றும் இருந்தது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குள் நிலம் பற்றிய பிணக்குகள் முற்றின. 1675இல் பெரும் போர் மூண்டது. மாசசோயிற்றின் மகன் மெற்றாகொம் 1676இல் கொல்லப்பட்டார். விருந்து நடந்த அதே பிளிமத்தில் அவரது தலை பல ஆண்டுகள் கம்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவருடைய மக்கள் பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஒரு காலத்து அகதிகள் இன்னொரு மக்களை அகதிகள் ஆக்கினார்கள். துன்பப்பட்டவன் எப்போதும் நல்லவனாகவே இருப்பான் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இது சான்று. நாமும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

திருநாளை உண்டாக்கியவர் யார்?

1621 விருந்தை அடுத்து ஆண்டுதோறும் தொடர்ச்சியாக இத்திருநாள் நாடெங்கும் நடந்தது என்று எண்ண வேண்டாம். சாரா ஹேல் என்ற பெண் பத்திரிகை ஆசிரியர் இதை நாட்டுக்குப் பொதுவான நாளாக்க வேண்டும் என்று நெடுங்காலம் எழுதிவந்தார். 1863இல், உள்நாட்டுப் போர் நடுவில், சனாதிபதி ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாகப் பிரகடனம் செய்தார். பிளவுபட்ட நாடு ஒன்றாக உண்ண வேண்டும் என்பது நோக்கம்.

1939இல் சனாதிபதி றூஸ்வெல்ற் அந்த நாளை ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளினார். காரணம் பக்தி அல்ல. நத்தார் வியாபாரத்துக்குக் கடைகாரருக்குக் கூடுதல் நாட்கள் கிடைக்க வேண்டும் என்பதே. சில மாநிலங்கள் ஏற்க மறுத்தன. நாட்டில் இரண்டு நன்றி நாட்கள் உண்டாயின. கடைசியில் 1941இல் சட்டம் ஒன்றின் மூலம் நான்காவது வியாழன் என்று நிலைப்படுத்தப்பட்டது.

உதைபந்தாட்டம் வந்த கதையும் இத்தகையதே. மாணவர் அணிகள் 1876 முதலே நன்றி நாளில் ஆடிவந்தன. ஆனால் இன்றைய வழக்கத்துக்குப் பெரிய காரணம் 1934இல் நடந்த ஒன்று. டெற்றோயிற் நகரில் ஒரு வானொலி நிலைய உரிமையாளர் ஓர் அணியை வாங்கி அந்நகருக்குக் கொண்டுவந்தார். ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை. ஆகவே எல்லாரும் வீட்டில் ஓய்வாக இருக்கும் நன்றி நாளில் ஆட்டத்தை வைத்தார். அரங்கம் நிரம்பியது. நாடெங்கும் 94 வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்பின. அன்றும் டெற்றோயிற் தோற்றது, 19க்கு 16 என்று. ஆனால் வியாபாரம் வென்றது. 1939 முதல் 1944 வரையான ஆண்டுகள் நீங்கலாக அங்கு அந்த ஆட்டம் ஒவ்வொரு வருடமும் நடந்துவருகிறது. 1966இல் டலஸ் நகரமும், 2006இல் இரவு ஆட்டமும் சேர்ந்துகொண்டன. இன்று காலை முதல் இரவு வரை மூன்று ஆட்டங்கள். நடுநடுவே விளம்பரங்கள்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? 'இது பரம்பரை வழக்கம், மாற்ற முடியாது' என்று நாம் எண்ணும் பலவற்றை யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காகத் தொடக்கியிருக்கிறார். சில நல்ல காரணம். சில வியாபாரக் காரணம். மனிதர் ஆக்கியதை மனிதர் திருத்தியும் அமைக்கலாம்.

திருத்தி அமைத்தவர்களும் உண்டு. 1970இல், மேபிளவர் வந்த 350ஆவது ஆண்டு விழாவில் உரையாற்றும்படி வம்பனோவாக் இனத்தவரான வம்சுற்றா பிராங் ஜேம்ஸ் என்பவர் அழைக்கப்பட்டார். அவர் எழுதிய உரையை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே வாசித்து, அதைப் பேச அனுமதிக்கவில்லை. அவர் வேறு உரை பேச மறுத்தார். அவரும் ஆதரவாளர்களும் நன்றி நாளன்று பிளிமத்தில் மாசசோயிற் சிலையின் அருகில் கூடித் துக்க நாள் அனுட்டித்தார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் அவர்கள் கூடுகிறார்கள்; பலர் அன்று நோன்பிருக்கிறார்கள். ஒரே நாள், ஒரே நாடு. ஒரு வீட்டில் விருந்து, ஒரு மேட்டில் நோன்பு.

எங்கள் வீட்டில் நடந்தது

இனி எமது பக்கம் வருவோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது பதினான்கு. வயலில் விதைப்பு முடிந்திருந்தது. மீள்விதைப்புத் தேவைப்பட்டால் என்று வைத்திருந்த மொட்டைக்கறுப்பன் நெல் ஒரு சாக்கை ஐயா சைக்கிளில் கட்டிக்கொண்டார். பாத்திரங்களை விட்டுவிட்டு நெல்லைக் கட்டுகிறாரே என்று அம்மா ஏசினா. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் நாலு குடும்பங்கள் இருந்தோம்.

நத்தார் வந்தது. "பிள்ளையளுக்கு ஒரு நேரமாவது எங்கட அரிசிச் சோறு குடுப்பம்" என்றா அம்மா. "அது விதை, சோறில்லை" என்றார் ஐயா. இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஐயா தாமாகவே சாக்கை அவிழ்த்துப் பாதியை அளந்து கொடுத்தார். நாலு குடும்பமும் அன்று சிவப்பரிசிச் சோறு உண்டோம். அந்தச் சோற்றின் வாசம் இன்னும் என் நினைவில் உண்டு. ஐயா மட்டும் சாப்பிடவில்லை; பசியில்லை என்றார்.

1996இல் ஊர் திரும்பி, மிஞ்சிய பாதியை அந்த ஆண்டு காலபோகத்துக்கு விதைத்தோம். பழைய நெல் ஆகையால் பாதிதான் முளைத்தது. "முழுச் சாக்கும் இருந்திருந்தால்" என்று ஐயா ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் வயல் வரம்பில் நிற்கும்போது அதை நினைத்திருப்பார் என்று நான் அறிவேன். யார் சரி, அம்மாவா ஐயாவா? இன்று வரை எனக்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

அந்த வகுப்பறையில் இன்னொன்றும் நடந்தது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெற் இறுதிப் போட்டி. மின்சாரம் இல்லை, பற்றரி வாங்க வழியில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். பொடியன்கள் முறைவைத்துச் சுற்றினோம். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை ஏழு விக்கெற்றால் வென்றது. நாங்கள் துள்ளிக் கத்தினோம். அடுத்த மூலையிலிருந்த ஒரு ஆச்சி எழும்பி வந்து, "ஆற்ற வெற்றிக்கடா கத்துறியள்? எங்கட வீடு ஆற்ற கையில கிடக்கு?" என்று கேட்டா. எங்களிடம் பதில் இல்லை. ஆச்சியின் கேள்வி நியாயமானது. ஆனால் ஐந்து மாதத்தில் நாங்கள் முதன்முறையாகச் சிரித்ததும் அன்றுதான். இரண்டும் உண்மை.

கலப்பான உணர்வு பாவமல்ல

திருநாளில் மகிழ்ச்சியும் துக்கமும் சேர்ந்து வந்தால் அதைக் குற்றமாக எண்ண வேண்டாம். இழப்பை மறந்து சிரிப்பவன் துரோகியும் அல்லன். சிரிக்க முடியாதவள் நன்றி கெட்டவளும் அல்லள். பங்குகளில் நாம் சில வேளை 'ஆடம்பரம் வேண்டாம்' என்று கண்டித்துப் பேசிவிட்டுப் போகிறோம். முகாமில் ஒரு தகப்பன் கடன்பட்டுப் பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்கியதை ஒருமுறை நான் கண்டித்தேன். "பாதர், வருசம் முழுக்க அகதிப் பிள்ளை. ஒருநாள் வேற பிள்ளையளைப்போல நிக்கட்டுமெண்டு பாத்தன்" என்றார். அன்று நான் வாயை மூடிக்கொண்டேன். அதே வேளை, அந்தக் கடனுக்கு அடுத்த மாசியில் அவர் கொடுத்த வட்டியையும் நான் அறிவேன். ஆகவே மௌனமும் தீர்வல்ல, கண்டிப்பும் தீர்வல்ல. கணக்குத்தான் தீர்வு.

ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கரின் நன்றி நாள் அறுவடை முடிந்த பின் வருகிறது. எமது நத்தாரும் புதுவருடமும் காலபோகப் பயிர் வயலில் நிற்கும்போது வருகின்றன. பொங்கல் பெரும்பாலும் அறுவடையின் தொடக்கத்தில் வருகிறது. அதாவது விவசாயியின் கை மிகவும் வறண்டிருக்கும் காலமே எமது திருநாட் காலம். மார்கழியில் வாங்கும் கடன், மாசியில் நெல் விலை விழுந்திருக்கும்போது களத்திலேயே அளக்கப்படுகிறது. சோம்பலால் வந்த வறுமை அல்ல இது. நாட்காட்டியால் வந்த நெருக்கடி. இதை அறிந்தால் முன்கூட்டியே ஆயத்தம் செய்யலாம்.

திருநாட் கணக்கு: மூன்று கேள்விகள்

கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் ஒன்றாக இருந்து பின்வரும் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பாருங்கள்.

முதலாவது: இது எதிலிருந்து வருகிறது? சேமிப்பிலிருந்தா, கடனிலிருந்தா, விதையிலிருந்தா? ஓர் ஏக்கர் விதைக்க ஏறக்குறைய இரண்டு புசல் நெல், அதாவது நாற்பது கிலோவுக்குச் சற்று அதிகம் வேண்டும். அந்த அளவை முதலில் ஒதுக்கிக் கட்டி வையுங்கள். காணி விடுபடாதவர்களும் இதைச் செய்யலாம். சொந்த விதை வைத்திருப்பவன் திரும்பிப் போகும் நாளை நம்புகிறவன். ஆனால் பழைய விதையை வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். குத்தகைத் துண்டிலாவது விதைத்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: இதன் பாரம் யாருடைய தோளில்? விருந்து என்றால் பெண்கள் விடியற்காலை முதல் அடுப்படியில், ஆண்கள் தொலைக்காட்சியின் முன் என்றால், அது பாதி வீட்டுக்கே திருநாள். மிச்சிகனிலும் அப்படித்தான் கண்டேன். எமது முகாம்களிலும் அப்படித்தான் காண்கிறேன். போட்டி தொடங்க முன்னர் தேங்காய் துருவவும், முடிந்த பின் சட்டி கழுவவும் ஆண்களுக்கும் கைகள் உண்டு.

மூன்றாவது: யார் வெளியே நிற்கிறார்கள்? அடுத்த கொட்டிலில் விதவைத் தாய் இருக்கலாம். காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் வீடு இருக்கலாம். அவர்கள் வரவிரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஒலிபெருக்கியைக் குறையுங்கள், ஒரு பங்குச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள், சிறிது நேரம் கூட இருங்கள்.

செய்யக்கூடியவை

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஆவணி மாதம் முதல் வாரந்தோறும் சிறு தொகை போட்டால் மார்கழியில் வட்டிக்காரனிடம் போகத் தேவையில்லை. மரண உதவிச் சங்கம் நடத்தத் தெரிந்த எமக்குத் திருநாட் சங்கம் நடத்தவும் தெரியும். தனித்தனியே பத்துப் பானை வைப்பதற்குப் பதிலாக ஒரு பெரிய பானை வைக்கலாம். தனித்தனியே தவணைக்குத் தொலைக்காட்சி வாங்குவதற்குப் பதிலாக, பெரிய போட்டிகளை வாசிகசாலையில் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கலாம். பார்ப்பதோடு நில்லாமல் மாலையில் பிள்ளைகள் தாங்களே ஆட ஒரு பந்தும் ஒரு வெளியும் ஏற்பாடு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. சென்ற திருநாளுக்கு உங்கள் குடும்பம் எவ்வளவு செலவு செய்தது? அதில் கடன் எவ்வளவு? அது எப்போது அடைந்தது?

2. விதை நெல்லைப் பற்றி அம்மா சொன்னது சரியா, ஐயா சொன்னது சரியா? உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிணக்கு எழுந்ததுண்டா?

3. ஆச்சி கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

4. திஸ்குவாந்தத்தைப்போல, தம் நிலத்தை இழந்தும் பிறருக்கு உதவியவர்களை நீங்கள் அறிவீர்களா? அவர்களுக்கு நன்றி சொல்லப்பட்டதா?

5. எமது திருநாள் வழக்கங்களில் எவற்றை வைத்திருக்க வேண்டும்? எவற்றைத் திருத்தி அமைக்க வேண்டும்?

ஐயா காலமாகிவிட்டார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இன்னும் உண்டு. நத்தார்ச் சோறு பரிமாறுவதற்கு முன்னர், வீட்டு மூலையில் கட்டி வைத்திருக்கும் விதை நெற் சாக்கை ஒருவர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். சாக்கு நிறைந்திருந்தால் அன்று எல்லாரும் சாப்பிடுவோம், ஐயாவின் பங்கையும் சேர்த்து.